தகர ஷீட்டு கடைக்கு வெக்கை அடங்கணும்னா எது சரி: கூலரா, ஏசியா, ஓலையா, வெள்ளை பெயிண்டா?

நாங்குநேரி பக்கம் பலசரக்குக் கடை வச்சிருக்கேன். 10க்கு 12 அடி, மேல தகர ஷீட்டு, வாசல் மேற்க பாத்து. பங்குனி பொறந்துட்டாலே மத்தியானம் கல்லாப்பெட்டில கை வைக்க முடியாது, அக்கினி நட்சத்திரம் வந்துட்டா கேக்கவே வேண்டாம். சாக்லேட்டு 34 டிகிரியிலயே இளகிரும், வெளியவே 38, 40ன்னு அடிக்கும்போது ஷீட்டுக்குக் கீழ என்ன கதின்னு பாத்துக்கிடுங்க. புதுசா கடை போடுத தம்பிமாரு எது வாங்கலாம்னு கேக்காவ, நான் பட்டதையும் பாத்ததையும் சொல்லுதேன்.

மொதல்ல வாங்குனது ஏர் கூலர். கரண்டு கம்மி, 200 வாட்ஸ்னா பத்து மணி நேரம் ஓடுனாலும் ரெண்டு யூனிட்தான். நம்ம பக்கம் கோடைல காத்து வறண்டு கெடக்கும், அதனால கூலர் நல்லாவே குளுத்தும், உவரி மாதிரி கடக்கரைல அது எடுபடாது, அங்கன காத்துலயே ஈரம் ஜாஸ்தி. ஆனா பலசரக்குக் கடைக்கு கூலர் வேண்டவே வேண்டாம்ங்கேன். நான் கடைக்குள்ளயே வச்சி ஓட்டுனேன், உள்ள உள்ள காத்தையே இழுத்து திரும்பத் திரும்ப ஈரமாக்கி விட்டுட்டு, மூணாம் நாள் வெள்ளன கடையத் தொறந்தா கருப்பட்டி சிப்பத்துல ஓலைக்கு வெளிய கருப்பா பிசுபிசுன்னு கசிஞ்சி, கீழ இருந்த பலகைல தேன் மாதிரி வழிஞ்சி நிக்கி, எறும்பு சாரை சாரையா ஏறுது. உப்பு நசநசன்னு ஆயிட்டு, அப்பளம் நமத்துட்டு. எங்க ஆச்சி கருப்பட்டிய அடுப்புக்கு மேல பரண்ல ஏன் வச்சான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. பின்பக்க சன்னல்ல வச்சி வெளிக்காத்த இழுக்க விட்டா கொஞ்சம் தேவலை, ஆனாலும் அந்த ஈரக்காத்து சரக்கு மேலதான போகும்? போதாததுக்கு உப்புத்தண்ணி வேற, ஒரே சீசன்ல கூலர்ல தண்ணி நனையுத பேடு பூரா வெள்ளையாப் பூத்து அடச்சிட்டு.

ஏசி சரக்குக்கு நல்லது, ஈரத்தையும் உறிஞ்சிரும். ஆனா கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குத்தான் அது. ஷட்டரத் தொறந்து போட்டு யாவாரம் பண்ணுத எடத்துல ஒரு டன் ஏசி ஆஃபே ஆகாம ஓடும், மணிக்கு ஒரு யூனிட் கிட்ட இழுக்கும், வீட்டுக்குக் குடுக்குத இலவசக் கரண்டு கடை சர்வீஸுக்குக் கெடையாது.

ஷீட்டுக்கு மேல பனை ஓலை வேயுறதப் பத்தி எனக்கு மனசுல பெரிய மரியாதை உண்டு. எங்க அண்ணாச்சி கடைல ஒரு சாண் இடைவெளி விட்டு கம்பு கட்டி ஓலை போட்டிருந்தாவ, மத்தியானம் உள்ள போனா கெணத்தடில நிக்க மாதிரி இருக்கும். வெயிலு ஷீட்டத் தொடவே செய்யாது, இடைல காத்து ஓடும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனா ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும், வேயுற ஆளு இப்ப லேசுல கிடைக்காது, எலி கூடு கட்டும், சர்வீஸ் வயரு பக்கத்துல போனா தீப்பயம். ஓலைக்குப் பதிலா நர்சரிக்குப் போடுத பச்சை நெட்டு கட்டலாம், சீப்பு, வேலையும் சுளுவு. ஆனா மேக்க இருந்து வீசுத மேகாத்து கெளம்புறதுக்கு முன்னால வைகாசி கடைசியிலயே அவுத்துரணும், இல்லன்னா ஆடிக்காத்துல கிழிஞ்சி பக்கத்து வீட்டு முருங்கைல தொங்கும்.

தெர்மாகோல் சீலிங் வேண்டாம், தீப்பிடிச்சா உருகி தலைல ஊத்தும்.

நான் கடைசில நின்ன எடம் ஷீட்டுக்கு மேல அடிக்குத, வெயிலத் திருப்பி விடுத வெள்ளை கூலிங் பெயிண்டு. ரெண்டு கோட்டு. சுண்ணாம்பு அடிச்சும் பாத்தேன், தகரத்துல பிடிக்காம ஐப்பசி மழைல கழுவிட்டுப் போயிட்டு. பெயிண்டு அடிச்ச பொறவு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஷீட்டுக்கு உள்பக்கம் கைய வச்சா வைக்க முடியுது, முன்ன அப்பளம் பொரிக்கலாம். புழுதி படிஞ்சா குணம் கொறஞ்சிரும், மாசி மாசம் தண்ணி ஊத்திக் கழுவி விடணும்.

பெயிண்டு மட்டும் போதாது, மேற்க பாத்த கடைக்கு சாயங்கால வெயிலு நேரா உள்ள வரும், அதுக்கு ஆறடி சாய்ப்பு எறக்கி ஓலைத்தட்டி கட்டிட்டேன். சூடு மேலதான் நிக்கும், அதனால பின் சுவத்துல உச்சில எக்ஸாஸ்ட் ஃபேன். ஃப்ரிட்ஜ சுவத்த ஒட்டி வச்சிருந்தத ஒரு சாண் முன்ன இழுத்துட்டேன், அது பின்னால கக்குத சூடு எக்ஸாஸ்ட்டு வழியா வெளிய போயிரும். இப்ப சாக்லேட்ட மட்டும் ஃப்ரிட்ஜுல வைக்கேன், கருப்பட்டி பலகையிலயே இருக்கு, காஞ்சி நிக்கி.

பெயிண்டு அடிக்க ஏறும்போது ஒரு விசயம், சிமெண்டு ஷீட்டுன்னா மேல நேராக் கால வைக்காதிய, பலகை போட்டு அதுமேல நில்லுங்க, பழசு மக்கி இருந்தா உடைஞ்சி ஆளு உள்ள விழுந்துரும். காஞ்ச ஷீட்ட கம்பி பிரஷ் வச்சித் தேய்க்கவும் செய்யாதிய, அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருந்தா அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, நல்லா நனைச்சி விட்டு துணியால தொடைங்க.