கோத்தகிரி ரோட்டு சென்சார் சிக்னல்: தினமும் நிக்கிறவனோட ரிவ்யூ

எல்லாரும் போனுக்கும் மிக்ஸிக்கும் ரிவ்யூ போடறாங்க, நான் ஒரு ட்ராஃபிக் சிக்னலுக்கு போடறேன். சிரிக்காதீங்க, ரெண்டு மாசமா வாரத்துல ஆறு நாள் அது முன்னாடிதான் நிக்கிறேன், பொண்டாட்டி மூஞ்சிய விட அந்த செவப்பு லைட்டத்தான் அதிகமா பாத்திருப்பேன். கேரட் லோடு ஏத்திட்டு கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு எறங்கற பிக்கப் நம்மளது, ஏலத்துக்கு லேட்டா போனா வெல போச்சு, அதனால ஒவ்வொரு நிமிஷமும் காசு.

ஐப்பசி மழையில ஒரு வளைவுல ரோட்டு ஓரம் சரிஞ்சு பாதி ரோடு பள்ளத்துக்குப் போயிடுச்சு. தடுப்புச்சுவர் கட்டிட்டு இருக்காங்க, மிச்சம் இருக்கறது ஒரு வண்டி போற அகலம், நீளம் ஒரு 180 மீட்டர், நடுவுல வளைவு இருக்கறதால இந்த முனையில நிக்கிறவனுக்கு அந்த முனை தெரியாது. மொதல்ல ரெண்டு பசங்க கொடியும் வாக்கி டாக்கியும் வெச்சுட்டு நின்னாங்க. சார்ஜ் போனா கத்தணும், மழையில கத்தினா எவனுக்கு கேக்கும், நடுவுல ரெண்டு பஸ்ஸு மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு ஒருத்தன் ரிவர்ஸ் எடுத்த கூத்தெல்லாம் நடந்துச்சு. அப்புறம்தான் வேலை எடுத்த காண்ட்ராக்டர் ட்ராலியில வெச்ச ரெண்டு சிக்னல் கொண்டு வந்து எறக்கினாரு. சோலார் பேனல், கீழ பேட்டரி, மேல சின்னதா ஒரு பொட்டி, அதுதான் ரேடார், வண்டி வர்றத கண்டுபுடிச்சு பச்சை போட வெக்கறது.

நல்லத மொதல்ல சொல்லிடறேன். விடியக்காலம் நாலு மணிக்கு எதிர்ல ஒரு ஈ காக்கா இல்லேன்னா நான் கிட்ட போகப் போகவே பச்சை விழுந்துடும். சும்மா நேரத்துக்கு மாறுற சிக்னலா இருந்தா காலி ரோட்ட பாத்துட்டு ஒக்காந்திருக்கணும். மிஸ்ட்டு எறங்கி பானெட்டே தெரியாத அன்னிக்கும் ரேடாருக்கு ஒண்ணும் ஆகல, கேமரா வெச்ச சிக்னலா இருந்தா அன்னிக்கு அதுக்கு கண்ணு அவிஞ்சிருக்கும். இதுக்காகவே நாலு ஸ்டார் குடுக்கலாம்னு இருந்தேன்.

அப்புறம் ஒருநாள் என் மச்சானோட லாரி மாட்டுச்சு. உரமூட்டை லோடோட மேல ஏறிட்டு இருக்கான், பாதியில வந்துட்டான், மேல இருந்து டூரிஸ்ட் காரு வரிசையா எறங்குது. ரெண்டு பக்கமும் பச்சையில வந்தவங்கதான். தப்பு எங்கன்னா, ஒரு பக்கம் செவப்பு விழுந்ததுக்கும் எதிர்ப்பக்கம் பச்சை விழறதுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் செவப்பா ஒரு நேரம் வெப்பாங்க இல்ல, உள்ள போனவன் வெளிய வர்றதுக்கு, அத 30 செகண்டுன்னு வெச்சிருந்தாங்க. 180 மீட்டர் காரு 30 கிலோமீட்டர் ஸ்பீடுல போனா 22 செகண்டு, சரிதான். லோடு லாரி ஃபர்ஸ்ட் கியர்ல ஏறினா பத்துக்கு மேல போகாது, அதுக்கு 65 செகண்டு வேணும். சமதளத்துல வெச்ச கணக்க அப்படியே மலைக்கு கொண்டு வந்தா இதான். இத்தனைக்கும் செங்குத்தான மலை ரோட்டுல ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும்னு 1989 ரோடு ரூல்லயே இருந்துச்சு, மிஷினுக்கு யாரும் சொல்லல போல.

கொடி புடிச்ச பையன் இன்னும் அங்கதான் இருக்கான். "அண்ணா, பச்சை விழுந்தாலும் நான் கை காட்டற வரைக்கும் எடுக்காதீங்ணா"ங்கறான். அப்ப சிக்னல் எதுக்குடா தம்பின்னு கேட்டா சிரிக்கிறான்.

இன்னொரு கூத்து காட்டெருமை. சாயங்காலம் தேயிலைத் தோட்டத்துல இருந்து நாலஞ்சு எறங்கி ரோட்டோட நடந்து சிக்னல் பக்கம் வந்துச்சு, ரேடாருக்கு நகர்றது எதுவா இருந்தாலும் வண்டிதான், பெரிய மரியாதையா அதுங்களுக்கு பச்சை போட்டுச்சு, நாங்க இந்தப் பக்கம் பதினோரு வண்டி செவப்புல.

பேட்டரி கதை தனி. கார்த்திகையில தொடர்ந்து வெயிலே இல்லாம போனப்ப லைட்டு மங்கி அப்புறம் அணைஞ்சே போச்சு, அந்தப் பையன் பேட்டரிய கழட்டி தலையில வெச்சு தூக்கிட்டுப் போய் டீக்கடையில சார்ஜ் போட்டு கொண்டு வந்தான். டீக்கடை அக்கா கரண்ட் காசு கேக்குது, காண்ட்ராக்டர் குடுக்க மாட்டேங்கறார், பையன் கைக்காசு போட்டுட்டு இருக்கான். லென்ஸ்ல சேறு அடிச்சா தொடைக்கறதும் அவன்தான், அந்த வேலை அவன் சம்பளத்துல இல்ல.

எனக்கு கடுப்பே இங்கதான். இந்த மாதிரி சாமானுக்கு பணம் குடுக்கறவங்க எப்பவும் வாங்கறதுக்கு குடுப்பாங்க, தொடைக்கறதுக்கு குடுக்க மாட்டாங்க. அக்கா பையன் பெங்களூர்ல சாஃப்ட்வேர்ல இருக்கான், அவன்கிட்ட பொலம்பினப்ப அமெரிக்கா கதை சொன்னான். 2021ல போட்ட சட்டத்துல ஸ்மார்ட்னு ஒரு திட்டம், 2022ல இருந்து அஞ்சு வருஷத்துக்கு வருஷம் பத்து கோடி டாலர், ஸ்மார்ட் சிக்னலும் அதுல வருது. அதுல எனக்குப் புடிச்சது, மொதல்ல 20 லட்சம் டாலர் வரைக்கும் குடுத்து சின்னதா செஞ்சு பாருன்னு சொல்லுவாங்களாம், வேலை செஞ்சாத்தான் அடுத்த கட்டத்துக்கு ஒன்றரை கோடி டாலர் வரைக்கும். பிட்ஸ்பர்க்னு மேடு பள்ளமான ஊரு ஒண்ணு, அங்க 2012லயே ஒம்போது ஜங்ஷன்ல மட்டும் வெச்சு பாத்திருக்காங்க, சிக்னல் ஒண்ணுக்கொண்ணு பேசிக்குமாம், பயண நேரம் 25 சதவீதம் கொறஞ்சு, நின்னுட்டே இருக்கற நேரம் 40 சதவீதம் கொறஞ்ச பிறகுதான் மத்த எடத்துக்கு பரப்பினாங்களாம்.

நம்ம பக்கம் 2015ல ஸ்மார்ட் சிட்டி வந்துச்சு, நூறு ஊரு, ஊருக்கு மத்திய அரசு பங்கு மட்டும் 500 கோடி வரைக்கும், தமிழ்நாட்டுல 11 ஊரு. கீழ கோயமுத்தூர் இருக்கு, திருப்பூர் இருக்கு, மலையில ஒண்ணும் இல்ல. ஊட்டிக்குப் போற வண்டிக்கு ஈ-பாஸ்னு ஆன்லைன் அனுமதி வந்துச்சு, 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு வார நாள்ல 6000 வண்டி, சனி ஞாயிறு 8000ன்னு கோர்ட்டு சொல்லுச்சு. நல்லதுதான், ஆனா அது ஒரு நாளைக்கு எத்தன வண்டின்னுதான் எண்ணும், அத்தனையும் பத்து மணிக்கு ஒண்ணா வந்தா அது என்ன பண்ணும். மே மாசம் ஒன்வே போட்டா குன்னூர் வழியா ஏறின வண்டி மொத்தமும் நம்ம ரோட்டுலதான் எறங்கும். அதுக்குள்ள சுவர் வேலை முடியலேன்னா அந்த 180 மீட்டர நெனச்சாலே வயித்தக் கலக்குது.

போன வாரம் ஒருத்தர் லேப்டாப்போட வந்து அந்த 30 செகண்ட 70 ஆக்கிட்டுப் போனார். லாரிக்காரங்க நிம்மதி, காருக்காரங்க காலி ரோட்ட பாத்து ஹாரன் அடிக்கறாங்க, அடிக்கட்டும். மிஷினுக்கு நாலு ஸ்டார், அத வெச்ச விதத்துக்கு ஒண்ணு, சராசரியா ரெண்டரைன்னு போட்டுக்கறேன்.

இந்த வழியா வர்றவங்களுக்கு ஒண்ணு, ரேடார் நகர்ற வண்டியத்தான் பாக்கும், அதுவும் பைக்கு மெதுவா ஊர்ந்து வந்தா சில நேரம் கண்டுக்காது. ரொம்ப நேரம் பச்சையே வரலேன்னா, பின்னாடி யாரும் இல்லேன்னு பாத்துட்டு, ஒரு பத்தடி பின்னாடி எடுத்து மறுபடி வேகமா முன்னாடி வாங்க, எடுத்துக்கும். பையன் அங்க இருந்தா அவன் கையத்தான் பாருங்க, லைட்ட இல்ல.