தோட்டம் அமைக்கும் தொழிலுக்கு இன்ஸ்டாகிராம்: மூன்று வருட அனுபவம்

வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். புல்தரை, கல் பதித்த நடைபாதை, சொட்டுநீர்க் குழாய், செடி நடவு எல்லாம் செய்கிறோம். இவற்றை இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. கையில் இருப்பது ஒரு போன், ஒரு ட்ரைபாட், பதிவுகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்து வைக்க மெட்டா பிசினஸ் சூட். அது இலவசம். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றிவிட்டால், மற்ற நாள் முழுக்க மண்ணில் வேலை பார்க்கலாம்.

முதல் ஆறு மாதம் ரெடிமேட் டெம்ப்ளேட்டில், யாரோ எடுத்த பூப்படத்தின் மேல் செடி வளர்ப்புக் குறிப்பு எழுதிப் போட்டேன். லைக் விழுந்தது, வேலை வரவில்லை. எங்கள் கைவேலையே அதில் இல்லாதபோது யார் நம்பிக் கூப்பிடுவார்கள்?

அப்புறம் ஒருநாள் பழைய படம் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வீட்டின் பின்பக்கம், உடைந்த செங்கல்லும் சிமெண்ட் சாக்குமாகக் கிடந்தது, அளவெடுக்கப் போன அன்று எடுத்த படம். வேலை முடிந்த பின் எடுத்ததோடு சேர்த்துப் போட்டேன். அன்று மாலையே மூன்று பேர் விசாரித்தார்கள்.

அதிலிருந்து மண்வெட்டியை இறக்கும் முன் படம் எடுத்துவிடுகிறோம். இரண்டு படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்ததாக இருக்க வேண்டும், இதில்தான் எல்லாமே இருக்கிறது. போன் கேமராவில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொண்டு, கேட் தூணின் ஓரத்தை இடது கோட்டில் நிறுத்துவேன். ட்ரைபாட் நின்ற இடத்துக்கு நேரே மதில் சுவரில் சின்னதாக ஒரு பெயிண்ட் புள்ளி. அகலக் கோண லென்ஸ் வேண்டாம். சின்ன இடம் பெரிதாகத் தெரியும், நேரில் பார்ப்பவர் ஏமாந்து போவார். உச்சி வெயிலில் இலை வெளுத்து, நிழல் கறுத்துவிடும். காலையோ மாலையோதான் சரி. கல்லின் மேல் தண்ணீர் தெளித்தால் நிறம் அள்ளும். ஆனால் காய்ந்ததும் அந்த நிறம் இருக்காது என்பதால், காய்ந்த கல்லைத்தான் காட்டுகிறேன்.

டைம்லாப்ஸ், அதாவது பல மணி நேர வேலையைச் சில நொடிகளில் ஓட்டிக் காட்டும் வீடியோ, எடுப்பதானால் போனை நிழலில் வையுங்கள். வெயிலில் சூடேறிப் பாதியில் நின்றுவிடும். அகலத்துக்கு உயரம் என்ற கணக்கில், ரீல்ஸ் எனும் குட்டி வீடியோவுக்கு 9:16, படத்துக்கு 4:5 அளவு போதும்.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு வீடியோவில் வீட்டு எண்ணும் காரின் நம்பர் பிளேட்டும் தெளிவாக விழுந்துவிட்டன. வீட்டுக்காரர் வருத்தப்பட்டார், நியாயம்தான். உடனே நீக்கி மன்னிப்புக் கேட்டேன். இப்போது வேலைக்கான ஒப்புதல் தாளிலேயே படம் எடுக்கலாமா என்று ஒரு வரி இருக்கிறது. வேலையாட்களிடமும் முகம் தெரியலாமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத் திரும்பப் போய் எடுக்கும் படங்கள். நட்ட அன்று தோட்டம் வெறிச்சென்றுதான் இருக்கும். செடி பரவ இடம் விட்டு நடுகிறோம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது, "ஏன் இவ்வளவு இடைவெளி?" என்று கேட்பார்கள். வளர்ந்த படத்தைப் பக்கத்தில் வைத்தால் விளக்கவே வேண்டாம். ஒரே பதிவில் 20 படம் வரை போடலாம் என்று 2024இல் வந்தது இதற்கு ரொம்ப வசதி. தண்ணீர் எட்டாமல் ஒரு மூலையில் புல் பழுத்துப் போனதையும், தெளிப்பானை நகர்த்தி அதைச் சரிசெய்ததையும் அப்படித்தான் போட்டேன். அதைப் பார்த்து வந்தவர்கள் விலையைக் கேட்கும் முன் பராமரிப்பைப் பற்றிக் கேட்டார்கள்.

போன மாதம் இரண்டு வருடம் முன்பு முடித்த ஒரு வீட்டுக்குப் போனேன். அன்று முழங்கால் உயரம் இருந்த வேலிச்செடி சுவர் முழுக்க ஏறியிருந்தது. இலைகளை விலக்கித்தான் அந்தப் பெயிண்ட் புள்ளியைக் கண்டுபிடித்தேன்.