டிரில் மெஷினா, ஹேமர் மெஷினா, பேட்டரி டிரில்லா?

ஜன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி மாட்ட இரண்டு துளைகள் போட முயன்று, அரை அங்குலத்துக்கு மேல் பிட் இறங்காமல் தோள்பட்டை விட்டுப்போன அனுபவம், சொந்தமாக டிரில் வைத்திருப்பவர்களில் பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. கடிகாரம் மாட்டும்போது மளமளவென்று இறங்கிய அதே பிட், அங்கே மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு, தொட்டால் விரல் பொத்துப்போகும் அளவுக்குச் சூடேறியது. பிட்டின் மீதும் கோளாறில்லை, மெஷினின் மீதும் கோளாறில்லை. சுவரின் மற்ற பகுதி செங்கல். ஜன்னலுக்கு மேலே இருப்பதோ லின்டல், அதாவது மேல்சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம். திரைச்சீலைக் கம்பியின் தாங்கிகள் பெரும்பாலும் அந்த லின்டலில்தான் வந்து விழும். ஆகவே வாட், விலை, பிராண்டு ஆகியவற்றைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், நாம் துளைக்கப்போவது எதை என்பதை நம் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

கடைகளில் சாதாரணமாக டிரில் மெஷின் என்று கேட்டால் எடுத்துத் தருவது, பெட்டியில் இம்பாக்ட் டிரில் என்று அச்சிட்டிருக்கும் வயர் வைத்த மெஷின். இதற்குள் பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசிச் சுழல்கின்றன. ஒவ்வொரு பல்லையும் தாண்டும்போது பிட் ஒரு மயிரிழை அளவு முன்னே குதிக்கிறது. நிமிடத்துக்குப் பல்லாயிரம் குதிப்புகள் இருந்தாலும் ஒவ்வொன்றின் வலுவும் நாம் பின்னாலிருந்து கொடுக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. செங்கல்லுக்கும் சிமென்ட் பூச்சுக்கும் இது தாராளமாகப் போதும். கான்கிரீட்டில் மேல்பூச்சைத் தாண்டியதும் முக்கால் அங்குல ஜல்லி ஒன்று குறுக்கே வந்துவிட்டால், பிட் அதன் மேல் வழுக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடும், 6 மி.மீ. துளை 9 மி.மீ. ஆகும், திருகைப் பிடித்துக்கொள்ள உள்ளே செருகும் பிளாஸ்டிக் ரால் பிளக் நிற்காது.

ஹேமர் மெஷின் என்று எலெக்ட்ரீஷியன்கள் சொல்லும் ரோட்டரி ஹேமரின் உட்புறம் முற்றிலும் வேறு. அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைப் பாய்ச்சி, பிட்டின் வாலில் அடிக்க வைக்கிறது. பாஷ் ஜிபிஹெச் 2-26 வகையை எடுத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 4000 அடிகள்தான். ஆனால் ஒவ்வோர் அடியிலும் 2.7 ஜூல் ஆற்றல் இருக்கிறது. சாதாரண டிரில்லில் இருப்பதுபோல் பிட், சக் என்னும் பிடிப்பானில் இறுக்கிப் பிடிக்கப்படுவதில்லை. எஸ்டிஎஸ் பிளஸ் எனப்படும் 10 மி.மீ. வாலில் வெட்டிய காடிகளில் பிடிபட்டு, முன்னும் பின்னும் தாராளமாக ஆடுகிறது. அதனால் அடி முழுவதும் கல்லுக்கே போய்ச் சேருகிறது. இதைப் பலமாக அழுத்தக் கூடாது. முதன்முறை பிடிப்பவர்கள் பழக்கதோஷத்தில் உடல் எடையைப் போட்டுத் தள்ளுவார்கள். அப்போது அதன் வேகம் குறையுமே தவிர அதிகரிக்காது. என் வீட்டு லின்டலில் பத்து நிமிடம் போராடி விட்டுவைத்த அதே துளையில், அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய ஹேமர் மெஷினை வைத்தேன். ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் துளையின் ஆழத்தைக் கணிக்க மெஷினில் மாட்டும் ஆழக்கம்பி சுவரில் முட்டிவிட்டது.

கான்கிரீட்டைப் பொறுத்தவரை இவ்விரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவதே ஒருவகையில் அநியாயம். இதனால் ஹேமர் மெஷினே எதற்கும் மேல் என்று ஆகிவிடாது. எடை 2.5 கிலோவைத் தாண்டுவதால் ஏணியில் நின்று ஒரு கையால் பிடிப்பது ஆபத்து. உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்கில் அடியை ஓடவிட்டால், உட்பக்க ஓடு பொலபொலவென்று உடைந்து பிளக் வெறுமனே சுழலும். காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி கான்கிரீட் பிளாக்கிலும் டைல்ஸிலும் அடியை நிறுத்திவிட்டு வெறும் சுழற்சியில்தான் துளைக்க வேண்டும். மரத்துக்கும் இரும்புக்கும் சாதாரண உருளை பிட்டைப் பொருத்த தனி சக் வாங்க வேண்டும். அதில் பிட் சற்று ஆடுவதால் துளை துல்லியமாக அமையாது. சுழற்சி மட்டும், சுழற்சியோடு அடி, அடி மட்டும் என்று மூன்று நிலை உள்ள மெஷினாக இருந்தால், உளியைப் பொருத்தி பைப்புக்குக் காடி எடுக்கவும் பழைய டைல்ஸைப் பெயர்க்கவும் முடியும். அந்த ஒரு வசதிக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

வாட் கணக்கில் ஏமாறுவோர் அதிகம். மலிவான டிரில் பெட்டியில் 1000 வாட் என்று எழுதியிருக்கலாம்; பல் தகடு பல் தகடுதான். ரோட்டரி ஹேமரில் பார்க்க வேண்டிய எண் ஜூல். 800 வாட் என்றால் பவர் பிளக் வேண்டுமோ என்று தயங்கவும் வேண்டாம். 230 வோல்ட்டில் அது நான்கு ஆம்பியரைக்கூடத் தொடுவதில்லை.

மூன்றாவதான பேட்டரி டிரில்லை, சுவர் துளைக்கும் மெஷின் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள். 18 வோல்ட், ஹேமர் வசதியுடன் என்று விற்கப்படும் காம்பி டிரில்களில் பெரும்பாலும் இருப்பது அதே பல் தகடுதான். லின்டல் அதற்கும் வழிவிடாது. இன்னொன்று, 20 வோல்ட் என்பதும் 18 வோல்ட் என்பதும் ஒரே ஐந்து செல்கள்தான். முழுச் சார்ஜில் அளந்தால் 20, வேலை செய்யும்போது 18. அதேபோல் 12 வோல்ட்டின் உண்மைப் பெயர் 10.8.

பேட்டரி டிரில்லின் உண்மையான பலம் முன்பக்கம் எண்கள் போட்ட வளையத்தில் இருக்கிறது. அதை 5-இல் வைத்தால், திருகு முழுதாக இறங்கியதும் டக்டக் என்று ஓசையிட்டுச் சுழற்சி தானாக விடுபடும். பிளைவுட் அலமாரியின் கீலை மாட்டும்போது இது எவ்வளவு பெரிய வரம் என்பது, வயர் டிரில்லால் திருகு முடுக்கி அதன் தலைப் பள்ளத்தை மழுங்கடித்தவர்களுக்குத் தெரியும். குறை பேட்டரியில். முதலில் நான் வாங்கிய பேட்டரி டிரில் வருடத்துக்கு மூன்று நாள்தான் வேலை செய்தது. மூன்றாம் வருடம் சார்ஜ் நிற்கவில்லை, அந்த மாடலுக்குப் பேட்டரியும் கிடைக்கவில்லை. மெஷின் மட்டும் இன்னும் புதிதாக அலமாரியில் இருக்கிறது. வயர் மெஷினில் இந்தக் கவலை இல்லை. கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றலாம், ஆர்மேச்சர் புகைந்தால் காயில் கட்டித் தர ஊருக்கு ஒருவராவது இருப்பார்.

செங்கல் சுவருள்ள தனி வீட்டுக்காரர், வேகக் கட்டுப்பாடும் ரிவர்ஸும் உள்ள, 13 மி.மீ. சக் கொண்ட வயர் டிரில் ஒன்றை வாங்கிக்கொண்டு, லின்டலுக்கும் பீமுக்கும் மட்டும் ஹேமர் மெஷினை ஒருநாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். சென்னையிலும் பிற நகரங்களிலும் அலுமினிய அச்சுகளில் கான்கிரீட் ஊற்றும் மைவான் முறையில் கட்டப்படும் புதிய அடுக்ககங்களில் சுவர் முழுவதுமே கான்கிரீட் என்பதால், அங்கே குடியேறுபவர் வயர் டிரில்லைத் தாண்டி நேராக ஹேமர் மெஷினுக்குப் போய்விடலாம். கூடவே ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி டிரில். என்னிடம் இப்போது இருப்பவை இவ்விரண்டும்தான். பழைய வயர் டிரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. அடுக்ககத்தில் ஹேமர் மெஷினை மதியம் இரண்டு மணிக்கு ஓட்டாமல் இருந்தால், கீழ்வீட்டுக்காரர் நாளையும் முகம் கொடுத்துப் பேசுவார்.

எதை வாங்கினாலும், பெட்டியோடு வரும் பிட்டுகளை நம்பாமல் 6, 8 மி.மீ. பிட்டுகளைத் தரமானதாகத் தனியே வாங்குங்கள். திடீரென்று துளை இறங்காமல் நின்றால், முதலில் ரிவர்ஸ் பொத்தானைப் பாருங்கள். இடப்பக்கம் சுழன்றபடியே நல்ல பிட் ஒன்றை நான் கருக்கியிருக்கிறேன். பொத்தான் சரியாக இருந்து, உள்ளே உலோக ஓசை கேட்டால், தட்டுப்படுவது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி. துளையை இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.