மலையில் இருந்துகொண்டு டூலா பயிற்சி: எதற்குப் பணம் கட்டலாம்?

டூலா என்றால் பிரசவத்தின்போது தாயின் கூடவே இருந்து தைரியமும் ஆதரவும் தருகிற, மருத்துவம் பார்க்காத துணையாள். இந்தியாவில் டூலா என்று பெயர் போட்டுக்கொள்ள யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. நர்ஸ் என்றால் நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். டூலாவுக்கு அப்படி ஒரு பதிவேடே கிடையாது. விளம்பரங்களில் ‘சர்வதேசச் சான்றிதழ்’ என்று வருவதெல்லாம் ஒரு தனியார் அமைப்பு, நாங்கள் சொன்னதை இவர் செய்து முடித்தார் என்று தருகிற தாள்தான். அதனால், என்ன செய்து முடிக்கச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே பயிற்சிகளை எடைபோட வேண்டும்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இருந்து விசாரிப்பவர்கள் அதிகம் கேள்விப்படுவது டோனா. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல், பிசியோதெரபிஸ்ட் பென்னி சிம்கின் ஆகியோர் தொடங்கியவர்களில் சிலர். சில நாள் பட்டறை, அதற்குப் பிறகு வாசிப்பு, தாய்ப்பால் பற்றிய படிப்பு, அப்புறம் உண்மையான பிரசவங்களில் உடன் இருந்து அந்தத் தாய்மாரிடம் மதிப்பீடு வாங்குவது. பட்டறையோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் ‘பயிற்சி பெற்றவர்’ மட்டுமே. சான்றிதழ் மீதியையும் முடித்தால்தான். பலர் இந்த இடத்தில்தான் குழம்பி, பட்டறைக் கட்டணத்தையே முழுச் செலவு என்று நினைத்துவிடுகிறார்கள். சான்றிதழை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்; அதற்கும் கட்டணம் உண்டு.

அடுத்தது சைல்ட்பர்த் இன்டர்நேஷனல் என்ற பயிற்சி அமைப்பு. இது தபால்வழிக் கல்வி மாதிரி. வீட்டில் இருந்தபடி நம் வேகத்தில் படிக்கலாம். எழுதி அனுப்புவதை ஒரு பயிற்சியாளர் திருத்தித் தருவார். கைக்குழந்தையோடு இருப்பவருக்கும், பெங்களூருவுக்கோ கோவைக்கோ போய்த் தங்க முடியாதவருக்கும் இது தோது. ஆனால் ஆங்கிலத்தில் நிறைய எழுத வேண்டும். தானாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இல்லாதவர்களுக்குப் பாதியில் நின்றுவிடும்.

மூன்றாவது, வாட்ஸ்அப்பில் சுற்றும் வார இறுதி வகுப்புகள். முடிந்த அன்றே சான்றிதழ். பிரசவம் பற்றித் தெரிந்துகொள்ளச் சரி. அந்தத் தாளை நம்பி யாரிடமும் சம்பளம் கேட்காதீர்கள்.

இணைய வகுப்பில் வராத ஒரு விஷயம் உண்டு. வலி ஏறும்போது அந்தப் பெண் கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்பார். அப்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் பின்பக்கமாக அவர் இடுப்பெலும்புக்கு நடுவே அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்துவது, வலி இறங்கும்போது எப்படித் தளர்த்துவது என்பதைப் பக்கத்தில் ஒருவர் நின்று நம் கையைப் பிடித்துக் காட்டினால்தான் பிடிபடும். நேரடிப் பட்டறைக்கு என் மதிப்பெண் கூடுவது இதற்காகவே.

இனி மலைக்கே உரிய சிக்கல். சான்றிதழுக்கான பிரசவங்களை எங்கே போய்ப் பார்ப்பது? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது துணைக்கு ஒருவரை அனுமதிப்பது பல ஆண்டுகளாகவே நடப்பதுதான். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல், அந்தத் துணை உறவுக்காரப் பெண்ணாக, முடிந்தால் பிள்ளை பெற்றவராக இருக்கட்டும் என்கிறது. ஒரே இடம், அதில் அம்மா நிற்பாரா, மாமியார் நிற்பாரா, நீங்கள் நிற்பீர்களா? வீட்டுக்காரர்கள் மனம் வைத்தாலும் டியூட்டி சிஸ்டர் ‘நீங்க யாரு?’ என்று கேட்பார். அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன்பே குன்னூரிலோ உதகையிலோ கோவையிலோ உங்களை லேபர் வார்டுக்குள் விடச் சம்மதிக்கிற ஒரு மருத்துவரைப் பிடித்துவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் எந்த அமைப்பின் சான்றிதழும் பாதியிலேயே நிற்கும்.

சிக்கலான கேஸ் என்றால் இங்கிருந்து கீழே அனுப்பிவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு 108இல் அந்தப் பெண் மேட்டுப்பாளையம் இறங்கும்போது உங்களுக்கும் அதில் இடம் இருக்குமா? பின்னாலேயே போக வண்டி இருக்கிறதா? குஞ்சப்பனைப் பக்கம் சாலையில் யானை நிற்கும். கூப்பிட்டால் எந்த நேரமும் வருவேன் என்று சமவெளிக்காரர் வாக்குக் கொடுக்கிற மாதிரி நாம் கொடுக்க முடியாது. பயிற்சியாளரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மாற்று ஆளை ஏற்பாடு செய்வது பற்றித் தெளிவாகப் பேசுகிறவரிடம் சேரலாம்.

சான்றிதழ் இருந்தாலும் டூலா உள்பரிசோதனை செய்யக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, மருந்து சொல்லக் கூடாது. இதையெல்லாம் கற்றுத் தருகிறோம் என்று ஒரு வகுப்பு சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த வேலைதான் வேண்டும் என்றால் இரண்டு வருட ஏ.என்.எம். (துணை நர்ஸ்-மருத்துவச்சி) படிப்பு இருக்கிறது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பு, 26 ஆய்வுகளை, 15,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து, தொடர்ந்து ஒருவர் துணை இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்று கண்டது. அந்த ஆய்வுகளில் துணை நின்றவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு, டூலாக்களும் உண்டு, சொந்தக்காரர்களும் உண்டு. விளம்பரங்களில் இந்தக் கடைசி விவரத்தை மட்டும் காணோம்.

ஆங்கிலம் வரும், கோவைக்குப் போய்வர முடியும் என்றால் நான் சொல்வது டோனாவின் நேரடிப் பட்டறை. வீட்டைவிட்டு நகர முடியாதவருக்குச் சைல்ட்பர்த் இன்டர்நேஷனல். கூடவே அழுத்திப் பிடிப்பதை மட்டும் நேரில் யாரிடமாவது பழகிக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூரில் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பெண்களுக்குத் துணை நிற்க நினைப்பவர் இரண்டையும் தள்ளிவைக்கலாம். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே நர்ஸாக இருக்கிறார்கள். முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள்.