பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் டெய்லருக்குக் கூலி கொடுக்க இரண்டு வழி. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்பது பீஸ் ரேட். 8 மணி நேரத்துக்கு இவ்வளவு என்பது ஷிப்ட்.

பீஸ் ரேட்டில் முதலாளிக்கு விரட்டும் வேலை மிச்சம். ஆர்டர் நெருக்கும்போது டெய்லர் தானாகவே மெஷினை ஓட்டுவார். கை வேகமானவருக்கு சனிக்கிழமைப் பட்டுவாடாவும் கனமாக வரும். தொல்லை செக்கிங் மேசையில்தான் தெரியும்: கழுத்துப்பட்டியில் தையல் விட்டிருக்கும், ஓவர்லாக் ஓரம் சுருங்கியிருக்கும். பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் காசு கிடையாது என்பதால் அங்கே அடிக்கடி வாய்த்தகராறு. அப்புறம், நூல் வரவில்லை, கட்டிங் தாமதம், கரண்ட் போச்சு என்றால் நஷ்டம் டெய்லர் தலையில். திட்டமிடத் தெரியாத மேனேஜருக்கு இதைவிட வசதியான முறை கிடையாது.

ஷிப்டில் அந்த நஷ்டம் கம்பெனிக்கு வந்துவிடும். அதனால் மணிக்கு எத்தனை உருப்படி என்று சூப்பர்வைசர் கணக்கு வைத்தே ஆக வேண்டும். ‘எல்லாருக்கும் ஒரே சம்பளம்தானே’ என்று வேகமானவர் கையைத் தளர்த்துவதும் உண்டு. காலை 8.30 முதல் இரவு 8.30 வரை ஓடும் ஒன்றரை ஷிப்ட் தனிக் கதை: மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்கிறது சட்டம், பல இடங்களில் கிடைப்பது ஒற்றைக் கூலிதான்.

ஒரே டிசைன் பல்லாயிரம் உருப்படி போகிறதென்றால் பீஸ் ரேட் சரி. வாரத்துக்கொரு ஸ்டைல் மாறும் ஏற்றுமதி ஆர்டருக்கு ஷிப்ட் சம்பளமும், இலக்கைத் தாண்டினால் கொஞ்சம் ஊக்கத்தொகையும் என்பதே என் கட்சி.