லா பாஸில் முதல் மூன்று இரவுகள்: சகார்னகாவா, சோப்பொகாச்சியா, சோனா சூரா?

பொலிவியாவின் லா பாஸில் எந்த ஹாஸ்டல் எந்த இடத்துக்குப் பக்கம் என்ற தகவல் நிறையக் கிடைக்கும். முதல் மூன்று இரவுகளுக்கு அது போதாது. எவ்வளவு உயரத்தில் தூங்கப் போகிறோம், அறைக்குத் திரும்ப எவ்வளவு மேடு ஏற வேண்டும், இந்த இரண்டும்தான் முக்கியம். விமான நிலையம், லா பாஸுக்கு மேலே உள்ள எல் ஆல்ட்டோ நகரில் 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகர மையம் 3,600-க்குச் சற்று மேலே. தெற்குப் பகுதியான சோனா சூர் 3,300-ஐ ஒட்டி. மையத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மலைநோயின் தலைவலியும் குமட்டலும் இறங்கிய உடனே வராது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில்தான் பிடிக்கும். பகலில் நன்றாக இருக்கிறது என்று ஊர் சுற்றியவர்கள் ராத்திரியில் படுத்துவிடுவது இதனால்தான்.

பேக்பேக்கர்கள் வழக்கமாக இறங்குவது சகார்னகா தெருவில். சான் பிரான்சிஸ்கோ தேவாலயம் தெருமுனையில், காய்ந்த லாமா கருக்கள் தொங்கும் சூனியக்காரிகள் சந்தை குறுக்கே ஓடும் லினாரெஸ் தெருவில், டூர் ஏஜென்சிகள் வரிசையாக, மலிவான டார்ம் (பலர் பகிரும் அறை) படுக்கைகள். எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் தெரு செங்குத்து. கீழே போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கி வருவதற்கே மூச்சு வாங்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி அறை கிடைத்தால் முதல் நாள் முழுக்கத் திண்டாட்டம். பார்ட்டி ஹாஸ்டல்களின் சத்தம் வேறு. ஏற்கனவே கெட்டுப்போகிற தூக்கம் இன்னும் கெடும்.

சோப்பொகாச்சி என்ற பகுதியும் ஏறத்தாழ அதே உயரம்தான், ஆக்சிஜன் அதிகம் கிடைக்காது. ஆனால் பிளாசா அபரோவாவைச் சுற்றிய தெருக்களில் மேடு குறைவு, இரவில் அமைதி. கடைகளும் சாப்பாட்டு இடங்களும் நடை தூரத்தில். கேபிள் காரின் மஞ்சள் லைன் நிலையம் இங்கேயே இருப்பதால், கால் நோகாமல் முழுப் பள்ளத்தாக்கையும் மேலிருந்து பார்த்துவிடலாம். மையத்துக்கு மினிபஸ்ஸில் சில நிமிடம். டார்ம் படுக்கைகள் குறைவு என்பதுதான் குறை.

சோனா சூரில் (கலகோட்டோ, சான் மிகேல்) 300 மீட்டர் இறங்கித் தூங்குகிறோம். குளிரும் சில டிகிரி குறைவு. ஜூன், ஜூலை இரவுகளில் மலிவான அறைகளில் ஹீட்டர் இருக்காது, அப்போது இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் செலவு கூடும், பார்க்க வந்த ஊர் தூரமாகிவிடும். இர்பாவியிலிருந்து பச்சை லைன், பிறகு மஞ்சள் லைன் என்று மாறி வர வேண்டும். முதல் லைனுக்கு 3 பொலிவியானோ (பொலிவியப் பணம்) என்பது பல வருடங்களாக இருந்த கட்டணம், சில்லறை வைத்திருங்கள். பராமரிப்புக்காக ஒவ்வொரு லைனையும் வருடத்தில் சில நாள் மூடுவார்கள். ஞாயிறு இரவில் சீக்கிரமே நிறுத்திவிடுவார்கள்.

எங்கள் பரிந்துரை: தாழ்வான லிமாவிலிருந்தோ சாந்தா குரூசிலிருந்தோ நேராக விமானத்தில் வருபவர்களுக்குச் சோப்பொகாச்சி. முன்பு உயரத்தில் அவதிப்பட்டவர்கள் முதல் இரண்டு இரவைச் சோனா சூரில் கழிக்கலாம். உயரமான குஸ்கோ, கோபகபானா வழியாகத் தரைமார்க்கமாக வருபவர்களுக்கு உடம்பு பழகியிருக்கும். தயங்காமல் சகார்னகாவுக்குப் போகலாம்.

எங்கே தங்கினாலும் முதல் இரவு சாப்பாடு பாதி வயிற்றுக்கு, மது கூடாது. ஹாஸ்டல் சமையலறையில் பருப்பு வேக வைக்கலாம் என்று நினைத்தால், குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. மலைநோயைத் தடுக்கும் மாத்திரையான அசெட்டாசோலமைடு எடுப்பதாக இருந்தால் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை. விரல் நுனியில் ஊசி குத்துவது போலிருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா வகை மருந்து அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

வியாழனும் ஞாயிறும் கூடும் எல் ஆல்ட்டோ சந்தைக்குச் சிவப்பு லைனில் ஏறினால் 4,000 மீட்டரைத் தாண்டிவிடுவீர்கள். மூன்றாம் நாளுக்கு முன்பு வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நடை தள்ளாடினாலோ அது சாதாரண மலைநோய் அல்ல. கீழே இறங்க கொரோய்க்கோவுக்குப் போகச் சொல்வார்கள். அந்தச் சாலை முதலில் 4,600 மீட்டருக்கு மேலே உள்ள லா கும்ப்ரே கணவாய்க்கு ஏறிவிட்டுத்தான் இறங்கும். விமான நிலையமும் மேலேதான் இருக்கிறது. அதனால் முதலில் மருத்துவமனை, ஆக்சிஜன். பயணம் டாக்டர் சொன்ன பிறகு.