அசேலியாவா, காட்டுப்பூவரசா? மலைவீட்டுத் தோட்டத்துக்கு எதை வைப்பது?

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் வீட்டு முன்னால் கொஞ்சம் நிலம் இருக்கிறவர்கள் பூச்செடி பற்றிப் பேசினால் மூன்று பெயர் அடிபடும்: நர்சரியில் தொட்டியோடு கிடைக்கும் அசேலியா, குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் அமெரிக்க அசேலியா, நம் சோலை ஓரங்களில் தானாக வளரும் காட்டுப்பூவரசு. மூன்றும் ரோடோடெண்ட்ரான் என்ற ஒரே பேரினம்தான். குணம் மட்டும் வேறு வேறு.

அமெரிக்கச் செடியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆரஞ்சும் மஞ்சளுமாகப் படத்தில் ஆளை இழுக்கும். ஆனால் அது அப்பலாச்சியன் மலைக்காட்டுச் செடி. அங்கே குளிர் மாதக்கணக்கில் விடாமல் இருக்கும். அப்படி நன்றாக உறங்கி எழுந்தால்தான் மொட்டு ஒழுங்காக விரியும். ஊட்டியில் ஜனவரி விடியற்காலையில் புல்மேல் உறைபனி கிடந்தாலும், நண்பகலில் 20 டிகிரி வந்துவிடும். போதாததற்கு, வெளிநாட்டுச் செடியைத் தருவிக்க இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் வேண்டும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அசேலியாவின் பலம் அவசரக்காரர்களுக்கு உதவுவது. சின்னச் செடியிலேயே பூக்கும், தொட்டியிலேயே காலம் தள்ளும், குச்சி வைத்தாலும் பதியன் போட்டாலும் வேர் பிடிக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதையே வாங்கலாம். பூத்து முடிந்தவுடன் கத்தரிக்க வேண்டும். தள்ளிப்போட்டு வெட்டினால் அடுத்த பருவத்து மொட்டும் சேர்ந்து போய்விடும்.

காட்டுப்பூவரசு பொறுமையைக் கேட்கும். விதை தூள்போல இருக்கும். மண்போட்டு மூடாமல் ஈர இலைமக்கின் மேல் தூவி, வெளிச்சம் படும்படி விடவேண்டும். முளைத்த பிறகும் வெகுநாள் பாசி அளவுக்கே கிடக்கும். பூவைப் பார்க்கப் பல வருடம் ஆகும். அதன்பின் அது புதரல்ல, மரம். ஜன்னலை ஒட்டி வைக்காதீர்கள். ஆனால் இந்த மலைக்கென்றே ஆன மரம் அது. தடித்த, வெடிப்புவிட்ட பட்டை புல்வெளித் தீயைத் தாங்கும். தோல்போன்ற இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பு நிறத்தில் மெத்தென்று இருக்கும். சிவந்த பூங்கொத்து வந்துவிட்டால் தேன்சிட்டுகள் கூப்பிடாமலே வரும். வேரூன்றிய பிறகு கோடைக்கும் அசராது. அசேலியாவோ பிப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் ஊற்ற ஆள் கேட்கும்.

மண் விஷயத்தில் இரண்டும் ஒரே கட்சி. அமிலமண் வேண்டும்; மண்ணின் அமில-கார அளவான பி.எச். 4.5 முதல் 6 வரை இருக்கவேண்டும். பக்கத்தில் தேயிலை செழிப்பாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கேரட், உருளைக்கிழங்கு போட்ட நிலம் என்றால் ஜாக்கிரதை: அதில் புளிப்பைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்புவகைத் தூள் போட்டிருப்பார்கள். சுண்ணாம்பு அடித்த சுவரோரமும், புதுக் கட்டடத்துச் சிமெண்ட் கழிவு கிடக்கும் மூலையும் அதே ஆபத்துதான். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால், செடிக்கு இரும்புச்சத்து எட்டவில்லை என்று அர்த்தம். மண்ணைச் சரிசெய்யாமல் மேலே உரம் கொட்டிப் பயனில்லை.

வேர் மேலாகவே பின்னிப் படரும். அதனால் ஆழமாக நடக்கூடாது, அடியைக் கொத்தவும் கூடாது. இலைமக்கால் மூடாக்குப் போட்டு, தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். தென்மேற்குப் பருவமழையில் தண்ணீர் தேங்கும் சமதளத்தில் வேர் அழுகும். சரிவோ மேடோ நல்லது. இரண்டின் இலையும் ஆடுமாடுகளுக்கு நஞ்சு. கால்நடை வைத்திருப்பவர்கள் கத்தரித்த கிளையைத் தொழுவத்துப் பக்கம் போடக்கூடாது.

சொந்த நிலமும் சரிவும் இருந்தால் என் ஓட்டு காட்டுப்பூவரசுக்கே. எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பூக்கும் பருவத்தில் தொட்டபெட்டா பக்கமோ அவலாஞ்சி பக்கமோ போய்வாருங்கள். ஆனால் அங்கிருந்து கன்றைப் பிடுங்கி வராதீர்கள். காப்புக்காட்டில் அது குற்றம், மேல்வேர் அறுந்த கன்று பிழைப்பதும் அரிது. நர்சரியில் வாங்கும்போதும் விதையிலிருந்து வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.